ஆளை நிறுக்கும் தராசு: கணினி வேலைக்குப் பரீட்சை வைப்பது எங்ஙனம்?



சரக்கைப் பார்த்து வாங்குவதில் நம்மவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மிளகை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்த மாத்திரத்தில் அதன் தரம் தெரிந்துவிடும். துணியை இரு விரல்களுக்கிடையே பிடித்ததும் அதன் நெசவு தெரிந்துவிடும். தங்கத்திற்கு உரைகல் இருக்கிறது. ஆனால் கணினிக்குப் புரோகிராம் எழுத ஓர் இளைஞரை அமர்த்த வேண்டிய நிலை வரும்போது மட்டும் நம்மில் பலர் திகைத்து நின்றுவிடுகிறோம். அவர் கொண்டுவரும் சரக்கு அவர் தலைக்குள் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது. முகர்ந்து பார்க்கவும் முடியாது.

பிறகு என்ன செய்கிறோம்? யாரோ ஒருவர் சொன்ன சிபாரிசின் பேரிலோ, பளபளப்பான ஒரு சான்றிதழைக் கண்டோ, வாய்ச்சாலகத்தில் மயங்கியோ ஆளை எடுத்துவிடுகிறோம். ஆறு மாதம் சம்பளம் கொடுத்த பின்னர், பில் போடும் இயந்திரம் ஒரு கணக்கும் கல்லாப்பெட்டி வேறொரு கணக்கும் காட்டும்போதுதான் விழித்துக்கொள்கிறோம். இதற்கு நேர்மாறான நஷ்டமும் உண்டு. சிபாரிசு இல்லை என்ற ஒரே காரணத்தால், கைத்திறன் மிகுந்த ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம். முன்னது பேரேட்டில் தெரியும் நஷ்டம். பின்னது எந்தப் பேரேட்டிலும் ஏறாத நஷ்டம்.

கணினித் தொழிலில் இந்தச் சங்கடத்திற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். வேலைக்கு மனுச் செய்தவரிடம் ஒரு சிறு கணக்கைக் கொடுத்து, அதற்குப் புரோகிராம் எழுதிக் காட்டச் சொல்வதே அது. இளைஞர்கள் இதனைக் கோடிங் டெஸ்ட் என்பார்கள். நாம் புரோகிராம் பரீட்சை என்று சொல்லிக்கொள்வோம். இது எப்படித் தோன்றிற்று, எதை நிறுக்கும், எங்கே பொய் நிறை காட்டும், நம் போன்ற வணிகர்கள் இதனை எவ்வாறு கையாளலாம் என்பதே இம்மாதப் பாடம்.

நமக்கு இது ஏன் வேண்டும்?

பிரிக்பீல்ட்ஸிலும், மஸ்ஜித் இந்தியா சாலையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடை வைத்திருப்போர் கணினியை ஒதுக்கிவிட்டு வியாபாரம் செய்யக்கூடிய காலம் போய்விட்டது. வருமான வரி வாரியம் இ-இன்வாய்ஸ் முறையை 2024 ஆகஸ்ட் 1 ஆம் தேதி, ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளிக்கு மேற்பட்ட நிறுவனங்களிலிருந்து தொடங்கிற்று. 2025 ஜனவரியிலும் ஜூலையிலும் அது அடுத்தடுத்த படியினருக்கு விரிந்தது. அதற்கு முன்னரே 2015 இல் ஜி.எஸ்.டி. வந்ததும், 2018 இல் அது நீங்கி விற்பனை சேவை வரி திரும்பியதும் நமக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பில் போடும் முறையைத் திருத்தி அமைக்க ஆள் தேட வேண்டியதாயிற்று.

ஒரு சிறு கடைக்கு, ஆயத்தமாக விற்கும் மென்பொருளே போதும். அத்தகையோர் தனியே புரோகிராமர் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாலு கிளை, ஒரு கிடங்கு, இணையவழி விற்பனை என்று வளர்ந்துவிட்டவர்களுக்குத்தான் சொந்தமாக ஓர் ஆளோ, ஒப்பந்தத்தில் ஓர் ஆளோ அவசியமாகிறது. அந்த ஆள் சாமானியமான ஊழியரல்லர். நம் கொள்முதல் விலை, கடன் பற்று, வாடிக்கையாளர் விவரம் யாவும் அவர் கைக்குப் போகின்றன. கணக்குப்பிள்ளையை எவ்வளவு கவனத்தோடு தேர்ந்தெடுத்தோமோ, அதனினும் கூடுதலான கவனம் இங்கே வேண்டும்.

சான்றிதழும் பேச்சும் எவ்வளவு தூரம் வரும்?

ஒருவர் வேலையில் எப்படி விளங்குவார் என்பதை முன்கூட்டியே அறிய எந்த வழி சிறந்தது என்பதை உளநூல் அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். 1998 இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்ட்டர் என்னும் இருவர் 85 ஆண்டுக்கால ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஒரு வழி தவறாமல் சரியாகச் சொல்லுமானால் அதற்கு 1. பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்குச் சமமானால் 0. அவர்கள் கணக்கில், செய்யப்போகும் வேலையிலிருந்தே ஒரு மாதிரியை எடுத்துச் செய்யச் சொல்லும் பரீட்சைக்கு 0.54 கிடைத்தது. முன்னரே வகுத்த கேள்விகளை எல்லோரிடமும் ஒரே விதமாகக் கேட்கும் நேர்முகத்திற்கு 0.51. மனம் போனபடி பேசிப் பார்க்கும் நேர்முகத்திற்கு 0.38. இத்தனை வருட அனுபவம் என்பதற்கு 0.18. இத்தனை வருடப் படிப்பு என்பதற்கு 0.10.

2022 இல் பால் சாக்கெட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இக்கணக்கை மறுபடி புரட்டிப் பார்த்து, முந்தைய எண்கள் பல மிகையானவை என்று காட்டினார்கள். அவர்களுடைய திருத்திய கணக்கில், வகுத்த கேள்விகளுள்ள நேர்முகம் 0.42 பெற்று முதலிடத்திற்கு வந்தது. தொழில் அறிவைச் சோதிக்கும் பரீட்சை 0.40; வேலை மாதிரிப் பரீட்சை 0.33. மனம் போன பேச்சு 0.19 ஆகக் குறைந்தது. அனுபவ வருடக் கணக்கோ 0.07 தான்.

இவ்விரு கணக்குகளிலிருந்தும் நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது, எந்தத் தராசும் முழு நிறை காட்டுவதில்லை; ஆகவே ஒன்றை மட்டும் நம்பி ஆளை எடுக்கலாகாது. இரண்டாவது, நாம் மிகவும் நம்பியிருக்கும் தேநீர்க்கடைப் பேச்சும் வருடக் கணக்கும், வேலையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதற்கு வெகுதூரம் பின்னால் நிற்கின்றன.

இப்பரீட்சை வந்த வரலாறு

1955 இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் புரோகிராமர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு தகுதிப் பரீட்சையை உண்டாக்கிற்று. அதில் புரோகிராம் எழுதச் சொல்லவில்லை. அக்காலத்தில் அதை அறிந்தவர்களே மிகச் சிலர். எண் வரிசையில் அடுத்து வருவது எது, இந்த உருவத்திற்கு இணையான உருவம் எது, இந்த மனக்கணக்கின் விடை என்ன என்பன போன்ற கேள்விகளே இருந்தன. அறுபதுகளில் இத்தகைய பரீட்சைகள் அமெரிக்காவில் எங்கும் பரவின.

1966 இல் வில்லியம் கேனன், டாலிஸ் பெர்ரி என்னும் உளநூலார் இருவர், அன்று வேலையிலிருந்த புரோகிராமர்களை விசாரித்து, அவர்கள் புதிர்களை விரும்புகிறவர்கள் என்றும், மனிதர்களோடு பழகுவதில் நாட்டமில்லாதவர்கள் என்றும் எழுதினார்கள். நிறுவனங்கள் அத்தகையோரையே தேட ஆரம்பித்தன. தொடக்க நாட்களில் இத்தொழிலில் பெண்கள் கணிசமாக இருந்தார்கள். பிற்பாடு அவர்களுக்குக் கதவு குறுகியதற்கு இப்பரீட்சைகளும் ஒரு காரணம் என்பது நேதன் என்ஸ்மெங்கர் என்னும் வரலாற்றாசிரியரின் கருத்து. பரீட்சை ஆளை நிறுப்பதோடு நிற்பதில்லை. எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்ற எண்ணத்தையே அது உருவாக்கிவிடுகிறது. இதை நாம் மறக்கலாகாது.

2007 ஜனவரியில் இம்ரான் கோரி என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். வேலை கேட்டு வருகிறவர்களில் பலர் மிக எளிய புரோகிராமைக்கூட எழுத இயலாமல் தடுமாறுகிறார்கள் என்று கூறி, அவர்களைப் பிரித்தறியச் சிறுவர் விளையாட்டு ஒன்றைப் பரீட்சையாக்கிக் காட்டினார். 1 முதல் 100 வரை எண்களை அச்சிட வேண்டும். 3 ஆல் வகுபடும் எண் வந்தால் எண்ணுக்குப் பதில் 'ஃபிஸ்'. 5 ஆல் வகுபட்டால் 'பஸ்'. இரண்டாலும் வகுபட்டால் 'ஃபிஸ்பஸ்'. அவ்வளவுதான். 3 ஐ முதலில் சோதித்துவிட்டு அத்துடன் நகர்ந்துவிடுகிறவர் 15 ஆம் எண்ணில் அகப்பட்டுக்கொள்வார். அடுத்த மாதமே ஜெஃப் அட்வுட் என்னும் எழுத்தாளர் இதை எடுத்து விவாதிக்க, உலகெங்கும் இந்த விளையாட்டு அறிமுகமாயிற்று.

இதன் பின்னர் பரீட்சையைக் கணினியே நடத்தும் காலம் வந்தது. 2009 இல் போலந்து நாட்டில் கோடிலிட்டி தோன்றிற்று. அதே ஆண்டில், திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த விவேக் ரவிசங்கர், ஹரி கருணாநிதி என்னும் இருவர் இன்டர்வியூஸ்ட்ரீட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2012 முதல் அது ஹேக்கர்ரேங்க் என்ற பெயரில் உலகறியப்பட்டது. மனுதாரர் தம் வீட்டிலிருந்தே கேள்வியைப் படித்து விடை எழுதுகிறார். அந்தப் புரோகிராமை, அவர் கண்ணுக்குத் தெரியாத பல மாதிரிக் கணக்குகளைக் கொண்டு கணினி ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடுகிறது. ஆயிரம் மனு வந்தாலும் ஒரே நாளில் சலித்துவிடலாம். மதிப்பெண் போடும்போது பேரையும் ஊரையும் கல்லூரியையும் அது பார்ப்பதில்லை என்பது இதன் பெரிய நன்மை.

இப்பரீட்சைகளில் அடிக்கடி வரும் சொல் அல்காரிதம் என்பது. ஒரு கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் முறை என்பது அதன் பொருள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாது நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மீயின் பெயர்தான் லத்தீன் மொழி வழியே திரிந்து இச்சொல்லாயிற்று. அப்பேரறிஞர் தம் அல்ஜீப்ரா நூலை எழுதியது வெறும் புதிருக்காக அன்று. வாரிசுப் பங்கு, பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் வேண்டிய கணக்குகளுக்காக என்று அவரே நோக்கம் வகுத்துக்கொண்டார். கணக்கு வாழ்க்கையிலிருந்து பிறக்க வேண்டும் என்ற இந்த எண்ணமே நம் பாடத்திற்கும் அடிப்படை.

தராசு பொய் சொல்லும் இடங்கள்

அளவையிலும் நிறுவையிலும் நேர்மை தவறலாகாது என்பது நமக்குப் புதிய பாடமன்று. அதே கண்கொண்டு இப்பரீட்சையையும் பார்க்க வேண்டும்.

முதல் குறை, வேலைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. 2015 இல் மேக்ஸ் ஹவல் என்பவர், தம்மைக் கூகுள் நிறுவனம் எடுத்துக்கொள்ளவில்லை என்று வெளியிட்டார். ஹோம்ப்ரூ என்ற கருவியை ஆக்கியவர் அவர். அந்நிறுவனத்துப் பொறியாளர்களே அதைப் பயன்படுத்தி வந்தார்கள். தரவுகளைக் கிளை கிளையாக அடுக்கும் ஓர் அமைப்பை இடம் வலமாக மாற்றிக் காட்டும் புதிரில் தாம் தவறியதாக அவர் சொன்னார். கப்பல் கட்டிய தச்சனை, கரும்பலகையில் முக்கோணம் வரையவில்லை என்று தள்ளிய கதை என்று பலர் பேசினார்கள்.

இது வேறொரு வகையில் வழக்கு மன்றமும் ஏறியிருக்கிறது. அமெரிக்காவில் டியூக் பவர் என்னும் மின்சார நிறுவனம், மேல்நிலை வேலைகளுக்குப் பள்ளிச் சான்றிதழும் பொதுப் பரீட்சைகளும் வேண்டும் என்று விதித்தது. அவற்றால் கறுப்பினத் தொழிலாளர்களே பெரிதும் தடுக்கப்பட்டார்கள். செய்யப்போகும் வேலையோடு பொருந்தாத பரீட்சை செல்லாது என்று 1971 இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அவர்கள் நாட்டுச் சட்டம். ஆயினும் நியாயம் எந்நாட்டுக்கும் பொது.

இரண்டாவது குறை, பக்கத்தில் நின்று பார்ப்பது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரும் 2020 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 48 மாணவர்களில் ஒரு சாராரைத் தேர்வாளர் முன்னிலையில் பலகையில் எழுதச் சொன்னார்கள். மறு சாராரைத் தனி அறையில் விட்டார்கள். கேள்வி ஒன்றே. ஆனால் கண்காணிக்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழே விழுந்தது. பெண்களில், எதிரே ஆள் இருக்க எழுதியவர் எல்லோரும் தவறினார்கள். தனியே எழுதியவர் எல்லோரும் தேறினார்கள். எண்ணிக்கை சிறிது, ஆகவே முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டா. என்றாலும், நாம் நிறுக்க நினைத்தது திறமையை; தராசில் ஏறியதோ பயம்.

மூன்றாவது குறை, நேரத்தைத் திருடுவது. வீட்டில் செய்துவரச் சொல்லி மூன்று நாள் வேலையைக் கொடுப்போர் உண்டு. தகப்பனார் செலவில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது கஷ்டமில்லை. பகலெல்லாம் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இரவில் படிக்கும் பிள்ளைக்கு அது முடியாத காரியம். இதிலும் கொடியது ஒன்று உண்டு. பரீட்சை என்று பெயர் சொல்லித் தங்கள் கடைக்கு வேண்டிய வேலையையே செய்து வாங்கிக்கொண்டு, ஆளை அனுப்பிவிடுவது. அதற்குப் பெயர் பரீட்சை அன்று. கூலி கொடாமல் வேலை வாங்குவது.

நான்காவது குறை புதியது. 2022 நவம்பர் 30 இல் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, ஃபிஸ்பஸ் போன்ற கேள்விக்கு இயந்திரமே நொடியில் விடை எழுதித் தந்துவிடுகிறது. வீட்டிலிருந்து எழுதும் பரீட்சையில் எழுதியவர் யார் என்று சொல்ல முடியவில்லை. 2025 இல், கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை, ஒரு சுற்றையாவது நேரில் நடத்தப்போவதாகத் தெரிவித்தார். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கேன்வா நிறுவனமோ, பரீட்சையில் இயந்திர உதவியைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று அறிவித்தது. அதை எவ்வளவு விவேகத்தோடு கையாளுகிறார் என்பதையே அது பார்க்கிறது. இருவர் வழியும் வேறு, நோக்கம் ஒன்று. விடையைக் காட்டிலும் விடையை விளங்கிக்கொண்டிருப்பதே முக்கியம்.

கதவைத் திறக்கும் பரீட்சை

இத்தனை குறைகளைக் கேட்ட பின், பரீட்சையே வேண்டாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டா. நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. சன்வேயில் '42 கோலாலம்பூர்' என்னும் கணினிப் பயிற்சிக்கூடம் நடைபெறுகிறது. பாரிஸ் நகரில் 2013 இல் சேவியர் நியல் என்னும் தொழிலதிபர் தொடங்கிய பள்ளியின் வழி வந்தது அது. அங்கே ஆசிரியர் இல்லை, கட்டணம் இல்லை, பட்டம் கேட்பதும் இல்லை. முதலில் இணையத்தில் ஒரு தர்க்கப் பரீட்சை. அதில் தேறியவர்களை நான்கு வாரம் வரவழைத்து நேரே வேலையில் இறக்கிவிடுகிறார்கள். அந்த நான்கு வாரத்திற்கு நீச்சற்குளம் என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் வைத்திருக்கிறார்கள். யார் நீந்துகிறார், யார் பக்கத்திலிருப்பவரையும் கைதூக்கி விடுகிறார் என்பது அதில் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோ நிறுவனம் இருபதாண்டுகளாக இதுபோன்ற ஒரு பணியைச் செய்து வருகிறது. பள்ளிப் படிப்போடு நின்றவர்களையும் டிப்ளமா பெற்றவர்களையும் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவித்து, வேலையிலும் அமர்த்துகிறது. சென்னையில் மட்டுமின்றித் தென்காசியிலும் அப்பயிற்சி நடக்கிறது. சான்றிதழைத் தராசாகக் கொண்டிருந்தால் அப்பிள்ளைகள் கணினித் தொழிலின் வாசற்படியையே மிதித்திருக்க மாட்டார்கள்.

குடும்பத்தைத் தாங்கும் இளைஞரால் நான்கு வாரம் சம்பாத்தியமின்றி வர இயலாது என்பது உண்மையே. ஆகவே அந்தக் கால அளவை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கருத்தை எடுத்துக்கொண்டால் போதும். வேலையைக் கொடுத்துப் பார் என்பதே அக்கருத்து.

5 சென் கணக்கு: நம் கடைக்கு ஏற்ற ஒரு பரீட்சை

நம் கல்லாப்பெட்டியிலிருந்தே ஒரு கேள்வியை எடுப்போம். 2008 ஏப்ரல் 1 முதல் பேங்க் நெகாரா 1 சென் நாணயத்தைப் புழக்கத்திலிருந்து விலக்கியது. அன்று முதல் ரொக்கமாகச் செலுத்தும் பில்லின் மொத்தத்தை அருகிலுள்ள 5 சென்னுக்குத் திருத்துகிறோம். கடைசி எண் 1, 2 ஆனால் 0 க்குக் குறையும். 3, 4 ஆனால் 5 க்கு ஏறும். 6, 7 ஆனால் 5 க்குக் குறையும். 8, 9 ஆனால் 10 க்கு ஏறும். மனுதாரரிடம், "பொருள்களின் விலையைத் தருகிறோம், வாடிக்கையாளர் செலுத்த வேண்டிய தொகையைக் கணக்கிடும் புரோகிராம் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கலாம். ஒரு மணி நேரம் போதும்.

பார்வைக்கு எளிய கேள்வி. இதற்குள் நாலு படிகள் ஒளிந்திருக்கின்றன.

முதற்படி, திருத்தம் மொத்தத்தின் மீதா, ஒவ்வொரு பொருளின் மீதா? 3.32, 4.62, 7.12 வெள்ளிக்கு மூன்று பொருள் வாங்கினால் மொத்தம் 15.06, திருத்தினால் 15.05. பொருள் பொருளாகத் திருத்திவிட்டுக் கூட்டினால் 15.00 தான் வரும். ஒரு பில்லில் 5 சென் வித்தியாசம். நாளொன்றுக்கு ஆயிரம் பில் போடும் கடையில் இவ்வாறு நேர்ந்தால் 50 வெள்ளி. வேறு விலைகளில் இதே தவறு வாடிக்கையாளரின் பணத்தை நம் பெட்டிக்குக் கொண்டுவரும். இரண்டும் நமக்கு ஆகாதவை.

இரண்டாம் படி, கார்டில் செலுத்துகிறவருக்கு என்ன செய்வது? அவருக்குச் சில்லறைப் பிரச்சினை இல்லை, உள்ளபடி 15.06 வாங்கலாம். நாம் இதைக் கேள்வியில் சொல்லவில்லை. "ரொக்கமா, கார்டா?" என்று தாமே திருப்பிக் கேட்கிற மனுதாரரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் கணினியை மட்டுமின்றிக் கடையையும் நினைத்துப் பார்க்கிறவர்.

மூன்றாம் படி, கணினியின் ஒரு குணம். வெள்ளியைப் புள்ளி வைத்த எண்ணாக எழுதினால், கணினி அதைத் துல்லியமாக வைத்துக்கொள்வதில்லை. 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டச் சொன்னால் பல கணினி மொழிகளில் 0.3 க்குப் பின்னால் நீண்ட வால் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அனுபவமுள்ளவர் 15.06 வெள்ளியை 1506 சென் என்று முழு எண்ணாகவே வைத்துக் கணக்குப் போடுவார்.

நான்காம் படி, தம் வேலையைத் தாமே சோதிப்பது. 10.00 முதல் 10.09 வரையுள்ள பத்துத் தொகைகளையும் போட்டுப் பார்த்தவர், ஓரங்களைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவர். 99.98 ஐப் போட்டு 100.00 வருகிறதா என்று பார்த்தவர் அதனினும் கெட்டிக்காரர்.

"எமக்குப் புரோகிராம் படிக்கத் தெரியாதே!" என்று வணிகர் சொல்லலாம். படிக்க வேண்டியதில்லை. மேற்படி தொகைகளுக்குரிய விடைகளைக் கையால் எழுதி வைத்துக்கொண்டு, புரோகிராம் தரும் விடையோடு ஒத்துப் பாருங்கள். அந்தாட்சிக் கணக்குச் சரிபார்ப்பது போன்றதே இது. எழுதியதன் அழகையும் ஒழுங்கையும் பார்க்க, நம்பிக்கையான வேறொரு புரோகிராமருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் காட்டலாம். தவறான ஆளுக்குக் கொடுக்கும் ஒரு மாதச் சம்பளத்தைவிட அது மிகக் குறைந்த செலவு.

நிற்க. விடை வந்ததும் பரீட்சை முடிந்துவிடவில்லை. மனுதாரரை உட்கார வைத்து, "ஏன் இப்படிச் செய்தீர்கள்? வாடிக்கையாளர் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்? பாதி ரொக்கம், பாதி கார்டு என்றால்?" என்று கேளுங்கள். தாமே எழுதியவர் யோசித்துச் சொல்வார்; இடறினாலும் வழி தேடுவார். இயந்திரம் எழுதியதை அப்படியே ஒப்புவித்தவர் இங்கே நின்றுவிடுவார். இந்தப் பதினைந்து நிமிடப் பேச்சு, நான்காவது குறைக்கு நாம் அறிந்த நல்ல மருந்து.

கைக்கொள்ளத்தக்க விதிகள்

1. கேள்வி நம் தொழிலிலிருந்தே பிறக்க வேண்டும். புதிர் போட்டு மடக்குவது நம் நோக்கமன்று.

2. எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், ஒரே மதிப்பீடு. எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதைப் பரீட்சைக்கு முன்னரே தாளில் எழுதிவிட வேண்டும். ஆளைப் பார்த்த பிறகு தராசின் முள்ளை நகர்த்தலாகாது.

3. ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்ட வேலையாயின் கூலி கொடுக்க வேண்டும். அவர் எழுதியதை நம் கடையில் பயன்படுத்துவதாயின் விலை பேசி வாங்க வேண்டும்.

4. கேள்வியை மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் எழுதி வைக்கலாம். நாம் நிறுப்பது புரோகிராமை. ஆங்கில நடையை அன்று.

5. எழுதும்போது முதலாளி பின்னால் நிற்க வேண்டா. தனி இடம் கொடுத்து, முடித்த பின் பேசினால் போதும்.

6. இயந்திர உதவி கூடுமா கூடாதா என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டுப் பின்னர் குற்றம் பிடிப்பது முறையன்று.

7. வாடிக்கையாளர்களின் உண்மையான பெயர், தொலைபேசி எண், கடன் விவரம் ஆகியவற்றைப் பரீட்சைத் தாளில் கொடுக்கலாகாது. 2010 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மையும் கட்டுப்படுத்துகிறது. கற்பனைப் பெயர்களே போதும்.

8. தேறாதவருக்கும் பதில் எழுத வேண்டும். எந்த இடத்தில் தவறினார் என்று ஒரு வரி சேர்த்தால், அடுத்த இடத்திற்குப் போகும்போது அவருக்கு உதவும்.

9. பரீட்சை நாணயத்தை நிறுக்காது. கல்லாவின் சாவி போன்ற கடவுச்சொற்களை ஒரே ஆளிடம் விட்டுவிடாமல், முன்பு வேலை செய்த இடத்தில் விசாரித்து, தகுதிகாண் காலம் வைத்து, படிப்படியாகவே பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.

உறவுப் பிள்ளையும் பரீட்சையும்

இனி, பலர் மனத்தில் இருந்தும் வெளியே சொல்லாத ஒரு கேள்விக்கு வருவோம். "மச்சான் மகன் கணினி படித்திருக்கிறான். அவனையும் பரீட்சை எழுதச் சொன்னால் வீட்டில் என்ன சொல்வார்கள்?"

ஊரிலிருந்து ஒருவர் வந்து கடை போட்டு, அடுத்தவரை வரவழைத்து, அவர் மற்றொருவரை வரவழைத்து, இவ்வாறாகத்தான் நம் வியாபாரம் இந்நாட்டில் வேரூன்றியது. சிபாரிசை நாம் இழிவாகப் பேசவில்லை. இன்னார் பிள்ளை என்ற சொல், ஒருவருடைய நாணயத்திற்குப் பிணையாக நின்றிருக்கிறது, இன்றும் நிற்கலாம். ஆனால் அது கைத்திறனுக்குப் பிணையாகாது. சமையலுக்கு ஆள் எடுக்கும்போது உறவென்றாலும் ஒரு நாள் குழம்பு வைக்கச் சொல்லிப் பார்க்கத்தானே செய்கிறோம்?

உறவுப் பிள்ளை பரீட்சையில் தேறிவிட்டால், உறவால் வந்தவர் என்று மற்ற ஊழியர் அவரைக் குறைவாகப் பேச இடமிராது. தேறாவிட்டால், பயிற்சிக்கு அனுப்பி அடுத்த ஆண்டு வரச் சொல்லலாம். அதுவே அவருக்குச் செய்யும் உண்மையான உபகாரம். அவர் அமர்ந்திருக்கும் அதே வரிசையில், யார் வீட்டுப் பிள்ளை என்று நமக்குத் தெரியாத ஒருவரும் அமர்ந்து அதே 5 சென் கணக்கை எழுதட்டும். அவ்விருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தோம் என்றால், கடைக்கும் நல்ல ஆள் கிடைப்பார். சமூகத்தில் ஒரு வீட்டில் அடுப்பெரியவும் வழி பிறக்கும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் கடையில் கணினியால் நேர்ந்த தவறு எது? அதையே ஒரு மணி நேரப் பரீட்சைக் கேள்வியாக மாற்ற முடியுமா?

2. 5 சென் கணக்கில் இங்கே சொல்லப்படாத இன்னொரு சந்தர்ப்பத்தை உங்களால் காட்ட முடியுமா?

3. கடைசியாக நீங்கள் வேலைக்கு எடுத்த ஆளை எந்தத் தராசில் நிறுத்தீர்கள்? அதே தராசில் மற்றவர்களையும் நிறுத்தீர்களா?

4. ஒரு மனுதாரரைத் திருப்பி அனுப்பும்போது அவருக்கு என்ன பதில் சொல்கிறீர்கள்?

இவ்வினாக்களைக் கடையில் கணக்குப் பார்ப்பவரோடும், வீட்டில் கணினி படிக்கும் பிள்ளைகளோடும் கலந்து பேசிப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதிலிலேயே உங்கள் முதல் பரீட்சைத் தாள் கிடைத்துவிடும்.